கருவறையில் வரையப்படும் வரைபடம்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு வீட்டில் மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்ற நற்செய்தி தெரிந்த நாளிலிருந்து அவ்வீட்டின் பேச்சே மாறிவிடுகிறது. பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது என்பார் ஒருவர். குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று, சவூதியிலிருந்து விடுப்பில் வரும் உறவினரிடம் சொல்லிக் குங்குமப்பூ வரவழைப்பார் இன்னொருவர். பிள்ளைக்கு யாருடைய சாயல் அமையும் என்ற விவாதமும் நடைபெறும். அதே வாரங்களில், அப்பிள்ளையின் பார்வைக்கும் கேள்விக்கும் பேச்சுக்கும் சிந்தனைக்கும் மூளையில் இடம் ஒதுக்கும் மாபெரும் பணி கருவறையின் இருளில் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றுவதில்லை என்பது மருத்துவர்கள் பலமுறை சொல்லிவிட்ட செய்தி. உங்கள் அடுப்படியிலுள்ள உப்புச் சாடிக்கோ அந்தப் பணியில் பங்கு உண்டு. அது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பொறுமையுடன் எம்முடன் வாருங்கள்.

நமது பெருமூளையின் மேற்பரப்பில், ஒரு போர்வையைப் போல, சாம்பல் நிறமான மெல்லிய படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. பெருமூளைப் புறணி என்று அதனைக் கூறுவர். அதன் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். மடிப்புகளையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு பெரிய கைக்குட்டையின் அளவே இருக்கும். அந்தக் கைக்குட்டைக்குள் ஏறக்குறைய 1,600 கோடி நரம்பணுக்கள் குடியிருக்கின்றன. நீங்கள் இவ்வரிகளைப் படிப்பதும், படித்ததை நினைவிற் கொள்வதும், நாளை என்ன சமைப்பது என்று இடையில் எண்ணுவதும் அங்கிருந்துதான்.

இந்தப் புறணி ஒரே சீரானதன்று. ஒரு நாட்டுக்குள் மாவட்டங்கள் இருப்பது போல் இதற்குள்ளும் பகுதிகள் உண்டு. பின்னந்தலைப் பக்கம் பார்வைக்குரியது. காதுக்கு மேலே உள்ள பக்கவாட்டுப் பகுதி கேள்விக்குரியது. நடுவே தொடு உணர்வுக்கு ஒரு பட்டை, அதற்கு முன்னால் கை கால்களை அசைப்பதற்கு ஒரு பட்டை. பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தில் பேச்சின் இருப்பிடம். 1909-ஆம் ஆண்டில் பிராட்மன் என்ற ஜெர்மானிய அறிஞர், நுண்ணோக்கி வழியே அணுக்களின் அமைப்பை ஆராய்ந்து, புறணிக்கு எண்கள் இட்ட வரைபடம் ஒன்றை வெளியிட்டார். அவர் இட்ட எண்களை மருத்துவர்கள் இன்றும் வழங்குகிறார்கள். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மூளையின் ஒவ்வொரு பாதியிலும் 180 பகுதிகளைப் பிரித்துக் காட்டினார்கள்.

கருவின் தொடக்கத்தில் இந்த மாவட்டங்கள் எவையும் இல்லை. எல்லாம் ஒன்றுபோல் தோன்றும் அணுக்களே. அவற்றுள் இது பார்வைக்கு, இது கேள்விக்கு என்று பிரித்தது எது? எந்த வாரத்தில் அந்த எல்லைக்கோடுகள் விழுந்தன?

சென்னையில் விரிந்த ஏடு

இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சிகளுள் ஒன்று நமக்கு மிக அருகிலேயே நடைபெற்றிருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் கடந்து சென்றால் கிண்டி வருகிறதே, அதற்குப் பக்கத்தில் உள்ள சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இயங்கி வருகிறது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான அம்மையத்தினர், 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் ஓர் அரிய படத்தொகுப்பை வெளியிட்டனர். கருவுற்ற 14-ஆம் வாரத்திலிருந்து 24-ஆம் வாரம் வரையிலான பருவத்தில் உயிர் நீத்த ஐந்து சிசுக்களின் மூளைகளை, தலைமுடியினும் மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு சீவலையும் அணு அணுவாகத் தெரியும்படி படம் பிடித்து அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். உலகின் எந்த மூலையில் உள்ள ஆய்வாளரும் கட்டணமின்றி இவற்றைக் கணினியில் திறந்து பார்க்கலாம்.

அந்த ஐயாயிரத்துச் சொச்சம் படங்களுக்குப் பின்னால் ஐந்து தாய்மாரின் துக்கம் இருக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

ஏன் 14 முதல் 24 வரை? புறணி மிக வேகமாகக் கட்டப்படும் காலம் அதுவே. 14-ஆம் வாரத்தில் மூளையின் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கிறது. 24-ஆம் வாரத்தை நெருங்கும்போது முதல் மடிப்புகளும் பள்ளங்களும் விழத் தொடங்கிவிடுகின்றன. இடைப்பட்ட பத்தே வாரங்களில் அங்கே நடைபெறுவது ஒரு பெரும் குடியேற்றம்.

பனை ஏறும் அணுக்கள்

கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள், முதுகெலும்புப் பக்கத்தில் ஒரு சிறு குழாய் மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் அக்குழாயிலிருந்து உருவாகுபவை. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது உறுதியாகியிருக்காது. அக்குழாய் சரியாக மூடாமற்போகும் குறையைத் தடுப்பதில் ஃபோலிக் அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டென்பது 1991-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் ஐயமற நிறுவப்பட்டது. எனவேதான், கருவுறுவதற்கு முன்பிருந்தே அம்மாத்திரையை எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள். நிக்காஹ் முடிந்து பிள்ளையை எதிர்நோக்கும் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பெற வெட்கப்பட வேண்டியதில்லை.

குழாயின் முன்முனை உப்பிப் பெருமூளையாகிறது. அதன் உட்சுவரில் தாயணுக்கள் வரிசையாக நின்று, பிரிந்து பிரிந்து நரம்பணுக்களை ஈனுகின்றன. அத்தாயணு ஒவ்வொன்றும் உட்சுவரிலிருந்து மேற்பரப்பு வரை நீண்ட ஓர் இழையை நீட்டியிருக்கும். புதிதாகப் பிறந்த நரம்பணு அந்த இழையைப் பற்றிக்கொண்டு மேலேறும். நம் விழுப்புரம் வட்டாரத்தில் பனையேறுபவர் மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதேதான். ஏறியவை ஓரிடத்தில் இழையை விட்டு இறங்கிக் குடியமர்கின்றன. பாஸ்கோ ராகிச் என்ற அறிஞர் 1970-களில் குரங்குகளின் மூளைகளில் இதை விரிவாகக் கண்டு எழுதினார்.

இதில் ஒரு விந்தை உண்டு. முந்தி வந்தவை கீழடுக்கில் தங்க, பிந்தி வருபவை அவற்றின் நடுவே நுழைந்து, அவற்றைக் கடந்து, மேலடுக்குக்குச் செல்கின்றன. இவ்வாறு ஆறு அடுக்குகள் அமைகின்றன. எந்த அணுவும் தன் தளத்தைத் தவற விடலாகாது. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், உப்பைப் பற்றிப் பேசும்போது இதற்கே திரும்பி வருவோம்.

அத்தர் மணமும் அணுவின் முகவரியும்

அடுக்கு அமைவது ஒன்று, மாவட்டம் பிரிவது வேறொன்று. ஓர் அணு தான் பார்வைப் பகுதியில் இருக்கிறோமா தொடு உணர்வுப் பகுதியில் இருக்கிறோமா என்பதை எப்படி அறிகிறது?

பெரிய கூடமொன்றின் ஒரு மூலையில் அத்தர் புட்டியைத் திறந்து வைத்திருப்பதாகக் கொள்வோம். கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாலும், மணம் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதைக் கொண்டு நீங்கள் மூலைக்கு அருகில் நிற்கிறீர்களா தொலைவில் நிற்கிறீர்களா என்று சொல்லிவிடலாம். வளரும் மூளையிலும் இப்படித்தான். முன்முனையிலிருந்து ஒரு வகைப் புரதம் கசிந்து பரவுகிறது, பின்விளிம்பிலிருந்து வேறு சில பரவுகின்றன. அவற்றின் செறிவைக் கொண்டு அணுக்களுக்குள் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன. அதுவே அணுவின் முகவரி.

2001-இல் சிகாகோவில் எலிசபெத் குரோவ் என்ற பேராசிரியையும் அவருடைய சக ஆய்வாளரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலிக்கருவின் மூளையில் முன்முனையில் மட்டும் சுரக்க வேண்டிய புரதத்தைப் பின்பக்கத்திலும் சுரக்கச் செய்தார்கள். விளைவாக, எலியின் மீசைமுடிகளுக்குரிய தொடு உணர்வுப் பகுதி இயல்பான இடத்தில் ஒன்றும், அதன் கண்ணாடிப் பிம்பம் போல் மற்றொன்றுமாக உருவாயிற்று! நம் நாட்டிலும் இத்துறையில் தலைசிறந்த பணி நடந்துள்ளது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியை சுபா தோலே, மூளையின் ஓர் அணு புறணியாவதா அல்லது புறணியின் விளிம்பாவதா என்பதை ஒரு தனி மரபணு தீர்மானிப்பதை 2008-இல் தம் குழுவினருடன் வெளிப்படுத்தினார். அந்த மரபணு இல்லாத அணுக்கள் விளிம்பாகிவிடுகின்றன. விளிம்பு தோன்றிய இடத்தின் அருகே, நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் கூடுதலாக முளைக்கிறது.

அப்படியானால் எல்லாம் மரபணுவில் முன்பே எழுதப்பட்டுவிட்டதா? இல்லை என்று காட்டியவரும் இந்தியாவிற் பிறந்தவரே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த மிருகாங்க சூர், 1988-இல் கீரியை ஒத்த ஃபெரட் என்னும் சிறு விலங்கின் குட்டிகளில், கண்ணிலிருந்து வரும் நரம்புகளைக் கேள்விப் பகுதிக்குத் திருப்பிவிட்டார். குட்டிகள் வளர்ந்தன. அவற்றின் கேள்விப் பகுதி ஒளிக்கு எதிர்வினை காட்டியது. 2000-இல் வெளியான தொடர் ஆய்வில், அவ்விலங்குகள் ஒளியைப் பார்ப்பதற்கே அப்பகுதியைப் பயன்படுத்தின என்பதும் தெரியவந்தது. நரம்பு கொண்டுவரும் செய்தி மாறினால், அதைப் பெறும் பகுதியின் தொழிலும் பெருமளவு மாறுகிறது.

ஆக, எல்லைகளின் முதற்கோட்டை மரபணுக்கள் இழுக்கின்றன. அக்கோட்டுக்குள் நிரப்பும் பணியைப் புலன்கள் செய்கின்றன. பிறந்த பிறகுதான் புலன்கள் வேலை தொடங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒளியே புகாத கருவறையில், கண்ணின் விழித்திரை தானாகவே அலையலையாகச் செய்தி அனுப்பிப் பழகுவதை 1991-இல் விலங்குகளில் கண்டறிந்தார்கள். மனிதச் சிசுவோ, ஆறாம் ஏழாம் மாதத்திலேயே ஓசைக்கு அசைவு காட்டுகிறது. தாயின் குரல் அதற்குப் புதியதன்று.

திருமறையின் 'அந்நஹ்ல்' அத்தியாயத்து 78-ஆம் வசனம், ஏதும் அறியாதவர்களாய்த் தாய் வயிற்றிலிருந்து வெளிவந்த மனிதர்களுக்கு அருளப்பட்ட கேள்வியையும் பார்வையையும் இதயங்களையும் நினைவூட்டுவதை நீங்கள் அறிவீர்கள். வாரக் கணக்கிட்டு அறிவியலை வசனங்களுக்குள் தேடும் வழக்கம் எமக்கு உடன்பாடானதன்று. ஆய்வு முடிவுகள் நாளை மாறக் கூடும், வேதத்துக்கு அவற்றின் சான்று தேவையில்லை. ஆயினும் அருட்கொடையின் நுணுக்கத்தை அறியும்போது நன்றியுணர்வு பெருகுகிறது என்பதை மறுக்க இயலவில்லை. சுப்ஹானல்லாஹ்.

மரக்காணத்து உப்பு

இனி உப்புச் சாடிக்கு வருவோம். பனையேறும் அணுக்கள் தத்தம் தளத்தை அடைவதற்குத் தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் தேவை. முதல் மூன்று மாதங்களில் சிசுவால் அதனைத் தானாகத் தயாரித்துக்கொள்ள இயலாது. முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்தே பெற வேண்டும். அதன்பின் சிசுவின் சுரப்பி மெல்ல வேலை தொடங்கினாலும், தாயின் பங்கு நீண்ட காலம் தொடர்கிறது. அந்த ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின்.

ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் கேப்ரியலா மொரேயாலே என்ற அம்மையாரின் குழுவினர், சினை எலிகளுக்கு இந்த ஹார்மோன் குறைந்தால் குட்டிகளின் மூளை என்னாகிறது என்று ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். தாய் எலி வெளிக்கு நலமாகவே இருந்தது. குட்டிகளின் புறணியிலோ, பல அணுக்கள் தம் தளத்தை எட்டாமல் தவறான இடங்களில் நின்றுவிட்டிருந்தன. அடுக்குகளுக்கிடையே இருக்க வேண்டிய தெளிவான எல்லைகள் மங்கிப்போயிருந்தன. எலிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனால் 2013-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, 1,040 தாய்மாரை அவர்கள் கருவுற்ற தொடக்கக் காலத்திலிருந்து கணக்கெடுத்து, அவர்களுடைய பிள்ளைகளை எட்டு ஒன்பது வயதில் சோதித்தது. கர்ப்பத்தில் அயோடின் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள், மொழியறிவிலும் வாசிப்பிலும் கடைசி நிலையில் வருவது கூடுதலாகக் காணப்பட்டது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. புறக்கணிக்கத் தக்கதும் அன்று.

"நாம் கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள், நமக்கென்ன அயோடின் குறை?" என்று நீங்கள் கேட்கக் கூடும். திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். கோடையில் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளங்கள் வெள்ளைவெளேரென்று கண்ணைக் கூசச் செய்யும். அங்கு விளையும் கல்லுப்பை மூட்டையாகவும் படிக்கணக்கிலும் வாங்கிப் புழங்குவது இவ்வட்டாரத்து வீடுகளில் தலைமுறை வழக்கம். கடலுப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதே லிட்டரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம் மட்டுமே. பாத்தியில் நீர் வற்றும்போது அதில் பெரும்பகுதி உப்போடு தங்குவதில்லை. முழுவதும் தங்கியதாகவே வைத்துக்கொண்டாலும், ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராமுக்கு மேல் தேறாது. கர்ப்பிணிக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம்! கடல்மீன் அடிக்கடி உண்பவர்களுக்கு ஓரளவு ஈடாகும். விலை ஏறிய இந்நாளில் எத்தனை வீடுகளில் அன்றாடம் மீன் வாங்குகிறார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

அயோடின் சேர்த்த உப்பின் பயனை உலகுக்கு உணர்த்திய ஆய்வும் இந்திய மண்ணில் நடந்ததுதான். 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் இமயத்து அடிவாரமான காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் வழங்கச் செய்தனர். சில ஆண்டுகளில் முதலிரண்டு வட்டாரங்களிலும் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. அதன் பயனாக 1962-இல் தேசியத் திட்டமே தொடங்கப்பட்டது. உண்பதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பதற்குள்ள தடை, இடையில் 2000-இல் நீக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அப்படியிருந்தும், 2018-19-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட ஆய்வில், போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் புழங்கும் வீடுகள் நூற்றுக்கு 76 என்றிருக்க, தமிழ்நாட்டில் 62 மட்டுமே. மாநிலங்களிலெல்லாம் கடைசி இடம் நமக்கு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்துக்கு இது அழகன்று.

கல்லுப்பை விட மனமில்லாதவர்கள் விட வேண்டியதுமில்லை. அயோடின் சேர்த்த கல்லுப்பே கடைகளில் கிடைக்கிறது. பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்ற குறிப்பும் சிரிக்கும் சூரியன் சின்னமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈரமும் வெயிலும் படாமல் மூடி வையுங்கள், அடுப்பை அணைக்கும் தறுவாயில் சேருங்கள். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் குறைத்தே உண்ண வேண்டும். அயோடினுக்காக உப்பைக் கூட்டுவது தவறு. முன்பே தைராய்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும். குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல்: பல வீடுகளில் மளிகை வாங்கி வருபவர்கள் நீங்களே. பிள்ளை படிப்பில் மந்தம் என்றால் தாயைக் குறை கூறும் நாவு, கடையில் எந்த உப்பைக் கேட்டது என்றும் எண்ணிப் பார்க்கட்டும்.

உறவில் திருமணம்

எழுதினால் சிலர் முகம் சுளிக்கக் கூடிய செய்தி ஒன்று உண்டு. எழுதாமல் விடுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடைபெறுவதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். நம் வீடுகளிலும் அத்தை மகன், மாமன் மகள் உறவு உண்டு, உருது பேசும் குடும்பங்களில் பெரியப்பா சிற்றப்பா பிள்ளைகளுக்குள்ளும் உண்டு. மார்க்கம் இதை அனுமதித்திருக்கிறது. ஏவவில்லை.

புறணியின் தாயணுக்கள் சரிவரப் பிரிந்து பெருகுவதற்கு உதவும் ஒரு மரபணு 2002-இல் கண்டறியப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதன் பழுதான படி வந்து சேர்ந்தால், தாயணுக்கள் போதிய அளவு பெருகாமல் புறணி சிறுத்துவிடுகிறது, தலையும் சிறுத்துப் பிறக்கிறது. அதைக் கண்டறிய உதவியவை உறவுக்குள் மணம் செய்துகொண்ட, பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள். பழுதைச் சுமக்கும் இருவர் இணைந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிறவிச் செவிட்டுத் தன்மையிலும் இவ்வாறு வருபவை பல. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, நூற்றுக்கு 3 ஆக இருக்கும் பிறவிக் குறைகள் நேர் உறவுத் திருமணத்தில் 6 ஆவதைக் காட்டியது. 94 குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் இதே கணக்கில் அடங்கும். எனவே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் முன்பே சிறுதலையுடனோ காது கேளாமலோ ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அதே உறவுக்குள் அடுத்த நிக்காஹைப் பேசி முடிக்கும் முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள். ஜமாஅத் பெரியவர்களும் இதை எடுத்துச் சொல்லலாம்.

பாங்கு விழும் காது

பிள்ளை பிறந்ததும் வலக்காதில் பாங்கு சொல்கிறோம். அந்த ஒலி போய்ச் சேர வேண்டிய பகுதி மூளையில் காத்திருக்கிறது. ஒலி வராவிட்டால்? ஃபெரட் குட்டிகளில் கண்டது இங்கும் பொருந்துகிறது. ஒரு புலன் விட்ட இடத்தை மற்றப் புலன்கள் எடுத்துக்கொள்கின்றன. பிறவியிலேயே பார்வையற்றோர் விரலால் பிரெயில் எழுத்தைப் படிக்கும்போது அவர்களின் பார்வைப் பகுதி இயங்குவதை 1996-இல் படம் பிடித்தார்கள். அது இறைவன் வைத்த ஈடு. காது கேளாத குழந்தையிலும் கேள்விப் பகுதி சும்மா இருப்பதில்லை. மெல்ல மெல்லப் பிற வேலைகளுக்குப் போய்விடுகிறது. பிறகு கருவி பொருத்தி ஒலியைக் கொடுத்தாலும், குடியேற இடம் குறைந்துவிடுகிறது.

காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் செவிக் கருவியைப் பொருத்திக்கொண்ட குழந்தைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை அனு சர்மா, மூன்றரை வயதுக்குள் பொருத்தப்பட்டோரின் மூளை சில மாதங்களிலேயே வயதுக்கேற்ற முறையில் ஒலியை ஏற்கத் தொடங்குவதையும், ஏழு வயதுக்குப் பின் அது அரிதாவதையும் 2002-இல் காட்டினார். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லையென்றால், "அவனுடைய தாத்தாவும் நான்கு வயதில்தான் பேசினார்" என்று ஒருவர் ஆறுதல் சொல்வார். தாயத்துக் கட்டவும் ஓதிப் பார்க்கவும் அலைவார்கள். துஆ செய்வதைத் தடுப்பார் இல்லை. அலைச்சலில் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்றரை ஆண்டிலிருந்துதான் கழிகிறது.

கதவு அடித்துச் சாத்தினாலும் திடுக்கிடாத குழந்தை, ஆறு மாதத்தில் தாயின் குரலுக்குத் திரும்பாத குழந்தை, ஒரு வயதாகியும் "அம்மா", "அத்தா" என்று மழலை வராத குழந்தை, இவர்களை உடனே சோதிக்க வேண்டும். பிறந்த சில நாளிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. காதில் சிறு குமிழ் ஒன்றை வைத்து, குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள், ஊசியும் இல்லை, வலியும் இல்லை. காது கேளாமை உறுதியானால், தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செவிக் கருவி அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். ஆறு என்பது திட்டத்தின் வரம்பு, மூளையின் வரம்பு அதற்கு முன்பே வந்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் விக்கிரவாண்டியைக் கடந்தால் முண்டியம்பாக்கம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில், குழந்தைக்குக் கேள்விச் சோதனை வேண்டும் என்று சொல்லுங்கள். குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.